வீட்டில் ஆர்கேட் பெட்டி செய்ய விரும்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசு போட்டு நின்றபடி விளையாடிய அந்தப் பெரிய வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள நண்பர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். முடியும். தச்சு வேலை கொஞ்சம், ஒயரிங் கொஞ்சம், பொறுமை நிறைய வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

டிவியில் கண்ட்ரோலரை மாட்டினாலே பழைய கேம் எல்லாம் ஓடுகிறதே, பெட்டி எதற்கு?

தனியாக விளையாட மட்டும் என்றால் தேவையே இல்லை. ஆனால் அந்த கேம்கள் நின்று விளையாடுவதற்காகச் செய்யப்பட்டவை. 1980இல் வந்த பேக்-மேனில் ஆட்டத்துக்கென்று ஒரு பட்டன்கூடக் கிடையாது. ஒரு ஜாய்ஸ்டிக், நான்கு திசை, அவ்வளவுதான். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆறு பட்டன்: மேல் வரிசையில் மூன்று குத்து, கீழ் வரிசையில் மூன்று உதை. இதையெல்லாம் கட்டைவிரலால் அழுத்துவது வேறு. முழங்கையை ஊன்றி, பக்கத்தில் நிற்பவரின் தோள் இடிக்க விளையாடுவது வேறு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பெட்டியை வரவேற்பறையில் வைத்துப் பாருங்கள். மாமா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு அடுத்த ஆட்டம் யாருடையது என்று சண்டை போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்காகத்தான் பெட்டி.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

கன்ட்ரோல் பேனலிலிருந்து. அதாவது ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் உட்காரும் அந்தப் பலகையிலிருந்து. நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதுதான். பெரும்பாலானவர்கள் முதலில் கணினியை வாங்கி, ஆயிரக்கணக்கில் கேம்களை ஏற்றி, பெட்டியின் ஓரத்துக்கு என்ன வண்ணம் என்று யோசித்துவிட்டு, கடைசியில் மீந்த இடத்தில் பட்டன்களைத் திணிக்கிறார்கள். அப்படிச் செய்த பெட்டி பார்க்க அழகாக இருக்கும். கால் மணி நேரம் விளையாடினால் மணிக்கட்டு வலிக்கும்.

முதலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுங்கள். குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டை என்றால் இன்னும் நல்லது. அதைப் பலகை அளவுக்கு வெட்டி, தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் ஏதாவது ஒன்றின் மேல் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் இயல்பாக அதன் மேல் போடுங்கள். வலது கையின் விரல்கள் விழும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். நடுவிரல் மற்ற விரல்களைவிட மேலே போய் நிற்பதைக் கவனிப்பீர்கள். நல்ல பேனல்களில் பட்டன் வரிசை நேர்கோடாக இல்லாமல் வளைந்து வருவதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் இன்னொருவரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். இருவருக்கும் முழங்கை இடிக்கக் கூடாது என்றால் பேனல் குறைந்தது 65 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். பலகையின் விளிம்புக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் இடையே மணிக்கட்டு ஓய்வெடுக்க இடம் விடுங்கள். ஜாய்ஸ்டிக்கை விளிம்புக்கு மிக அருகில் வைத்தால் கை அந்தரத்தில் தொங்கும். அட்டையிலேயே துளை போட்டு, உண்மையான பட்டன்களைப் பொருத்தி, ஒயர் மாட்டி, மடிக்கணினியில் இணைத்து ஒரு வாரம் விளையாடுங்கள். அதற்குப் பிறகு பலகையைத் தொட்டால் போதும்.

எந்த ஜாய்ஸ்டிக், எந்தப் பட்டன் வாங்குவது?

இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஜப்பானிய வகையில் சான்வா, செய்மிட்சு இரண்டும் பேர் போனவை. ஜாய்ஸ்டிக்கின் தலையில் உருண்டை இருக்கும், பட்டனைத் தொட்டாலே வேலை செய்யும், பட்டன் துளை 30 மில்லிமீட்டர். அமெரிக்க வகையில் தலை பேட் கைப்பிடி போல நீண்டிருக்கும், பட்டனை நன்றாக அழுத்த வேண்டும், துளை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். தவறான அளவில் போட்ட துளையைச் சின்னதாக்க வழியில்லை. பொருள் கைக்கு வந்த பிறகுதான் டிரில்லை எடுக்க வேண்டும், அதுவும் முதலில் ஒரு துண்டுப் பலகையில்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சான்வாவின் சொருகும் வகைப் பட்டன்கள் மெல்லிய உலோகத் தகட்டுக்காகச் செய்யப்பட்டவை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அவை பிடித்து நிற்காது. ஜாய்ஸ்டிக்கையும் அந்தத் தடிமனான பலகைக்கு அடியில் நேராகத் திருகினால் தண்டு பாதி உள்ளேயே போய்விடும். மேலே நீட்டிக்கொண்டிருப்பது கைக்குப் போதாது. எனவே தடிமனான பலகைதான் என்று முடிவு செய்தால் நீண்ட கழுத்துள்ள அமெரிக்க வகைப் பட்டன்களை வாங்குங்கள். ஜப்பானிய வகைதான் வேண்டும் என்றால் பேனலின் மேற்பகுதியை மெல்லிய இரும்புத் தகடாகச் செய்யுங்கள், அல்லது மரத்தைக் குடையும் கருவியான ரவுட்டரால் அடிப்பக்கத்தைக் குடைந்தெடுங்கள்.

திசை விஷயமும் உண்டு. பேக்-மேன், டாங்கி காங் போன்ற 80களின் ஆரம்பகால கேம்களுக்கு நான்கு திசை போதும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் மூலைவிட்டம் பட்டு ஆள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் செத்துப்போவார். சண்டை கேம்களுக்கு எட்டுத் திசை கட்டாயம். சான்வா ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கின் அடியில் ஒரு சதுரத் தடுப்பு இருக்கிறது. அதைக் கழற்றித் திருப்பி மாட்டினால் நான்கு திசைக்கு மாறும். அதற்காகவே பேனலைக் கீல் போட்டுத் திறக்கும்படி செய்வது நல்லது.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். முழு உயரப் பெட்டி சரிப்படுமா?

முழு உயரப் பெட்டி என்பது சுமார் 170 சென்டிமீட்டர் உயரம், 65 அகலம், 70 ஆழம். முதலில் மின்தூக்கியையும் வீட்டுக் கதவையும் அளந்து பாருங்கள். மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகச் செய்து போல்ட்டால் சேர்த்தால் படிக்கட்டிலும் ஏற்றலாம். இடம் மிகக் குறைவு என்றால் மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டி நல்லது. ஆனால் அதன் அடியில் வழுக்காத ரப்பர் கால் அவசியம், இல்லையென்றால் சண்டை கேமில் பெட்டியே நகரும். கீழ் வீட்டுக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு பட்டன் தட்டும் சத்தம் தளத்தின் வழியாக நன்றாக இறங்கும். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டால் பெருமளவு அடங்கிவிடும்.

பிளைவுட்டா, எம்டிஎஃப்பா?

நம் ஊர் ஈரத்துக்கு பிளைவுட். எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, மலிவு, வெட்டினால் விளிம்பு வழவழப்பாக வரும், சாயம் அழகாக ஏறும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஊதியது பழைய அளவுக்குத் திரும்பாது. தரை துடைக்கும் ஈரத் துணி தினமும் பெட்டியின் அடியைத் தொடும் வீடுகள் நம் வீடுகள். எம்டிஎஃப்தான் கையில் இருக்கிறது என்றால் எல்லா விளிம்புகளுக்கும் இரண்டு கை பூச்சு கொடுத்து, பெட்டியைச் சக்கரத்தின் மேல் தூக்கி வையுங்கள். சக்கரம் வெள்ளத்துக்கும் உதவும். 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலமிலும் தரை வீடுகளில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள் மின்சாரப் பொருள் எதையும் தரையோடு வைக்க மாட்டார்கள். பெட்டிக்குள் பவர் பாரையும் கணினியையும் அடித்தளத்தில் போடாமல் நடுத்தட்டில் ஏற்றுங்கள்.

18 மில்லிமீட்டர் தடிமன் சரியான அளவு. எட்டடிக்கு நாலடிப் பலகை இரண்டு வாங்கினால் முழு உயரப் பெட்டிக்குப் பெரும்பாலும் போதும், முதலில் தாளில் வரைந்து அடுக்கிப் பாருங்கள்.

வெட்டும் கருவி எதுவும் என்னிடம் இல்லை.

நேர்வெட்டுகளைப் பலகைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள், பல கடைகளில் செய்து கொடுப்பார்கள். வளைவான பக்கப் பலகைதான் சிக்கல். உங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், கிட்சன் கேபினட் செய்கிற கடை கண்டிப்பாக இருக்கும். அவரிடம் மேசை ரம்பம், ரவுட்டர், விளிம்பு ஒட்டும் இயந்திரம் எல்லாம் உண்டு. அரை நாள் கூலி கொடுத்து, ஒரு பக்கப் பலகையை வரைபடப்படி வெட்டச் சொல்லி, அதையே அச்சாக வைத்து மற்றதையும் வெட்டினால் இரண்டும் இம்மி பிசகாமல் வரும். பெருநாள் சமயத்தில் மட்டும் போகாதீர்கள். ஊரில் உள்ள எல்லாருடைய அடுப்படியும் அப்போதுதான் அவர் கையில் இருக்கும்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

கோலாலம்பூரில் ஒயர், சுவிட்ச், ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் முனை, 12 வோல்ட் மின்மாற்றி, மின்விசிறி என்றால் பூடு பக்கத்து ஜாலான் பாசார். கடைக்காரரிடம் மாதிரியைக் காட்டிக் கேட்டால் பெயர் தெரியாவிட்டாலும் எடுத்துக் கொடுப்பார். கணினி, மானிட்டர், நினைவு அட்டை என்றால் புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா. பினாங்கில் பழைய பொருளுக்கு லோரோங் கூலிட் சந்தை. காலையிலேயே போக வேண்டும், பழைய ஸ்பீக்கர், மானிட்டர், சில நேரம் பழைய கேமின் மின்பலகைகூட வரும். ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் பெரும்பாலும் ஷோப்பி, லசாடா போன்ற இணையக் கடைகள் வழியாகத்தான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் உறவினர் யாராவது இருந்தால் அவரை ஒயரிங் நாளுக்குச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். சால்டரிங்கில் அவர்கள் கைக்கு ஈடில்லை.

பழைய குழாய் டிவியா, எல்இடி மானிட்டரா?

பழைய குழாய்த் திரையில் அந்த கேம்கள் தரும் மென்மை தனி அழகு, நான் அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் கனம் அதிகம், பழுது பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அதைவிட முக்கியமாக ஆபத்து. படக்குழாயின் மேல் உள்ள ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கலாம். அந்த வேலை தெரிந்தவர் துணை இல்லாமல் உறையைத் திறக்காதீர்கள்.

முதல் பெட்டிக்கு எல்இடி போதும். அலுவலகங்கள் கழித்துப் போட்ட 19 அங்குலச் சதுர மானிட்டர்கள், 1280க்கு 1024 புள்ளிகள் உள்ளவை, இதற்கென்றே செய்தது போல் பொருந்தும். பழைய கேம்கள் 4க்கு 3 அளவுப் படம் என்பதால் அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். பேக்-மேன், கலாகா போன்றவை நிமிர்ந்த படம். அவைதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் திரையைத் திருப்பி நிறுத்துங்கள்.

டிவியை மாட்டுவதாக இருந்தால் அமைப்பில் கேம் மோடைப் போட மறக்காதீர்கள். டிவி படத்தை மெருகேற்றுவதற்கு எடுக்கும் நேரம் பட்டனுக்கும் திரைக்கும் இடையில் தாமதமாக வந்து நிற்கும். இந்த கேம்கள் நொடிக்கு ஏறக்குறைய 60 படம். ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடிதான். நாலைந்து படம் தாமதித்தால் குதிக்க வேண்டிய இடத்தில் விழுவீர்கள், தப்பு உங்கள் மேல் என்றும் நினைப்பீர்கள்.

ராஸ்பெரி பையா, பழைய கணினியா?

வீட்டில் பழைய மேசைக் கணினி கிடந்தால் அதுவே. பழைய கேம்களை ஓட்டுவதற்கான இலவச இயங்குதளமான பட்டோசெராவை ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றி அதிலிருந்தே இயக்கலாம், உள்ளிருக்கும் வட்டைத் தொடவே தேவையில்லை. புதிதாக வாங்குவதாக இருந்தால் உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெரி பை 4 போதும். 80கள், 90களின் கேம்களுக்கு அதன் திறன் தாராளம். அதற்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் நல்ல அடாப்டர் வேண்டும். மலிவுக் கைப்பேசி சார்ஜரைப் போட்டால் நடுவில் நின்று நின்று ஓடும். இன்னொரு விஷயம், சுவரில் சுவிட்சைத் தட்டி அணைத்தால் நினைவு அட்டையில் உள்ளது கெட்டுப்போகலாம். முறைப்படி அணைக்க பேனலின் ஓரத்தில் தனியாக ஒரு பட்டன் வைத்து, வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஒயரிங் பயமாக இருக்கிறது.

பட்டன் ஒயரிங்கில் ஓடுவது 5 வோல்ட்தான், பயமே வேண்டாம். ஒவ்வொரு பட்டனுக்குள்ளும் ஒரு மைக்ரோசுவிட்ச். அதில் மூன்று முனை இருந்தால் பொது முனையையும் சாதாரணமாகத் திறந்திருக்கும் முனையையும் எடுங்கள், மூன்றாவதை விட்டுவிடுங்கள். பட்டன்களைக் கணினியோடு இணைக்க ஒரு சின்ன மின்பலகை வேண்டும். மலிவான ஜீரோ டிலே யுஎஸ்பி பலகைகளில் ஒவ்வொரு பட்டனுக்கும் இரட்டை ஒயர் தயாராக வரும், சொருகினால் போதும். ஐ-பேக் போன்ற, கணினிக்கு விசைப்பலகை போலத் தெரியும் பலகையில் ஒரே ஒரு கிரவுண்ட் ஒயர் எல்லாப் பட்டன்களையும் தொட்டுத் தொட்டுப் போகும். அந்தச் சங்கிலியில் ஓரிடம் கழன்றால் அதற்கு அப்புறம் உள்ள எல்லாப் பட்டனும் செத்துவிடும். பாதிப் பேனல் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

ஒரே மாதிரியான இரண்டு ஜீரோ டிலே பலகை போட்டால் சில சமயம் இயக்கும்போது முதல் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறிவிடுவார்கள். எந்தப் பலகை எந்த யுஎஸ்பி துளையில் என்று குறித்து ஒட்டிவைத்து, மாற்றாமல் வைத்திருங்கள்.

சுவர் மின்சாரம்?

இதில்தான் கவனம். பெட்டிக்குள் 230 வோல்ட் வேலையை நீங்களாக வெட்டி ஒட்டாதீர்கள். சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை உள்ள ஒரு பவர் பாரை உள்ளே திருகிப் பொருத்தி, எல்லா அடாப்டர்களையும் அதில் செருகி, ஒரே ஒரு மூன்று முனை பிளக்கை வெளியே எடுங்கள். கணினியும் திரையும் சேர்ந்து இழுப்பது சில நூறு வாட்தான். பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூசுக்குப் பதில் 5 ஆம்பியர் போட்டால் பாதுகாப்பு கூடும். பேனல் உலோகம் என்றால் அதற்கு எர்த் இணைப்பு கொடுக்கச் சொல்லி மின்பணியாளரிடம் கேளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மின்னல் தடுப்புள்ள பவர் பாரே வாங்குங்கள், அப்படியும் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

உள்ளே சூடு, பூச்சி?

பின்பக்கத்தின் கீழே காற்று நுழையத் துளை, மேலே 12 சென்டிமீட்டர் மின்விசிறி. சூடான காற்று மேலே ஏறுகிறது, விசிறி அதை வெளியே தள்ளட்டும். எல்லாத் துளைக்கும் மெல்லிய கம்பி வலை அடியுங்கள். பல்லிக்குச் சூடான இடம் பிடிக்கும், மின்பலகையில் ஏறி நின்றால் அதுவும் போகும், பலகையும் போகும். கறையான் பார்த்த வீடு என்றால் பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விடுங்கள்.

மேலே ஒளிரும் பெயர்ப்பலகை எப்படிச் செய்வது?

கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பேனர் அடிக்கும் கடையில், பின்னாலிருந்து ஒளி விழும் படலத்தில் அச்சிடக் கேளுங்கள். இரண்டு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவில் வைத்து, பின்னால் 12 வோல்ட் எல்இடி பட்டை ஒட்டினால் முடிந்தது. படம் உங்களுடையதாக இருக்கட்டும். பெரிய தமிழ் எழுத்தில் வீட்டுப் பெயரோ பிள்ளைகளின் பெயரோ அங்கே ஒளிர்வதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேம்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமா?

பழைய ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட்டும் மேம் என்ற மென்பொருள் 1997இலிருந்து இருக்கிறது, அதை வைத்திருப்பதில் தவறில்லை. கேம்கள் வேறு விஷயம். பெரும்பாலானவற்றுக்கு இன்னும் உரிமையாளர் உண்டு, மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அவற்றையும் காக்கிறது. ஆயிரம் கேம் ஏற்றிய அட்டை என்று விற்பவர்களிடம் உரிமை எதுவும் இருக்காது. நேர்வழிகள் உண்டு: ராபி ரோட்டோ, கிரிட்லி போன்ற சில கேம்களை உரிமையாளர்களே வணிகமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாக விட்டிருக்கிறார்கள். கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம், அட்டாரி 50 போன்ற தொகுப்புகளை வாங்கி, பெட்டிக்குள் உள்ள கணினியில் ஓட்டலாம். உண்மையில் பத்து கேம் நன்றாகத் தேர்ந்தெடுத்த பெட்டியில்தான் அதிகம் விளையாடுகிறார்கள். ஆயிரம் உள்ள பெட்டியில் பட்டியலை உருட்டிக்கொண்டே இருப்பார்கள்.

20 சென் போட்டால் ஓடும்படி வைக்கலாமா?

வீட்டில் விளையாட்டுக்காக, பிள்ளைகள் உண்டியல் சேர்ப்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கும் கருவி ஒரு பட்டன் போலத்தான் வேலை செய்கிறது, இரண்டு ஒயரில் இணைத்துவிடலாம். ஆனால் உணவுக்கடையிலோ முடிவெட்டும் கடையிலோ வைத்து வசூலிப்பது பொழுதுபோக்குத் தொழில். ஊராட்சி மன்றத்திடம் முன்பே கேட்டு உரிமம் பெற வேண்டும். ஜெயித்தால் பணம் திரும்பக் கொடுப்பது என்ற பேச்சே வேண்டாம், அது சூதாட்டச் சட்டத்துக்குள் போய்விடும்.

மொத்தச் செலவு?

பழைய கணினியும் பழைய மானிட்டரும் வைத்துச் செய்யும் மேசைப் பெட்டியை ஆயிரம் வெள்ளிக்குள் முடிக்கலாம். முழு உயரம், நல்ல சான்வா பாகங்கள், புதுத் திரை என்றால் அதைத் தாண்டும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கணினி, திரை, ஸ்பீக்கர்; கணினிக்கு வரும் சாதாரண 2.1 ஸ்பீக்கர் போதும். ஜாய்ஸ்டிக்கிலும் பட்டனிலும் மட்டும் கை சுருக்காதீர்கள்.

பழைய அசல் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கட்டுமா?

மரம் கெடாமல் இருந்தால் வாங்குங்கள். 1985க்குப் பிறகு வந்த பல பெட்டிகளில் ஜாமா என்ற 56 முனை இணைப்பு இருக்கும். அது இருந்தால் அசல் கேம் பலகையை அப்படியே மாட்டலாம், அல்லது ஜாமாவுக்கென்று கிடைக்கும் மாற்றுப்பலகை வழியாகக் கணினியையும் இணைக்கலாம். அதன் உள்ளே இருப்பதை வெட்டி எறியாதீர்கள். அசல் ஒயரிங் உள்ள பெட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன.

செய்து முடித்த பிறகு என்ன பராமரிப்பு?

அதிகமில்லை. வருடத்துக்கு ஒருமுறை பின்கதவைத் திறந்து தூசி தட்டி, விசிறியைத் துடையுங்கள். முதலில் தேய்வது முதல் ஆளின் குத்து பட்டனும் ஜாய்ஸ்டிக்கின் மைக்ரோசுவிட்சும்தான். பட்டன் இரண்டு முறை பட்டது போல் தெரிந்தாலோ ஒரு திசை மட்டும் சோம்பினாலோ அந்தச் சுவிட்சை மாற்றுங்கள். சில வெள்ளிதான், பத்து நிமிட வேலை. பட்டன் வாங்கும்போதே நாலைந்து கூடுதலாக வாங்கி, பெட்டிக்குள் ஒரு பையில் போட்டு ஒட்டிவைத்துவிடுங்கள். ஒயர் எந்தப் பட்டனுக்குப் போகிறது என்று எழுதிய தாளையும் அதோடு வைத்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் தம்பியோ தங்கையோ திறந்து சரிசெய்ய முடியும்.